இடது இறக்கை

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. நீ சொன்னா கேப்பாரு" என்றாள் அத்தை. பின்பக்கத்திலிருந்து மாமாவின் இருமல் விடாமல் கேட்டது. "பாத்ரூம் கதவைத் தேடாத. அது சொர்க்கத்துக்குப் போயிடுச்சு."

உண்மைதான். தோட்டத்தின் நடுவே அந்தக் கதவு நீல பெயின்டோடு தனியாக நின்றது. சுற்றிலும், லாரி ஓட்டும் மாமா குப்பைக் கிடங்குகளிலிருந்து ஏற்றி வந்தவை எல்லாம் சாமியாகியிருந்தன. சைக்கிள் சக்கரம் ஒளிவட்டம். வாஷிங் மெஷின் டிரம்முக்குள் அணையாத விளக்கு. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிமென்ட் தூசியாக இருக்கும், மாஸ்க் போடச் சொன்னால் போதும் என்று வந்தவள் நான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கதவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகுதான் தேவதூதனைப் பார்த்தேன். இறக்கைகள் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாமா ஏணியில் நின்று அரத்தால் இறகு இறகாக ராவிக்கொண்டிருந்தார். வலது இறக்கை முடிந்துவிட்டது. மீசையெல்லாம் சாம்பல் தூள்.

"வா கண்ணு. எப்படி இருக்காரு?" என்று தேவதூதனைக் காட்டினார்.

"இறங்குங்க மாமா."

"இன்னும் ஒரு பக்கம் இருக்கே."

"இறங்குங்க!"

கத்திவிட்டேன். அத்தை ஓடி வந்தாள்.

"இந்தத் தூள் நுரையீரல்ல போய்த் தங்கிடும். வெளிய வராது. கேன்சர் வரைக்கும் போகும்."

மாமா இறங்கினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "இதை எறிய மாட்டேன். ஊரு எறிஞ்சதை நான் மறுபடி எறியறதில்ல. சாமிக்குக் குடுத்த வாக்கு."

"வாக்கைக் காப்பாத்த மூச்சு வேணும்ல?" என்றாள் அத்தை.

"எறிய வேணாம். ராவாதீங்க, உடைக்காதீங்க. நனைச்சு, கெட்டியா பெயின்ட் அடிச்சிட்டா நிக்கட்டும்" என்றேன்.

"இடது பக்கம் வெறும் தகடா இருக்குமே. எப்படிப் பறப்பாரு?"

ஹோஸை எடுத்து மெல்லத் தூவினேன், இறக்கையில், தரையில், பிறகு மாமாவின் மேலும். மீசை சொட்டச் சொட்ட அவர் அசையாமல் நின்றார். அத்தை மிச்சமிருந்த நீல பெயின்டைத் தேடப் போனாள்.

"நாளைக்கே எக்ஸ்ரே எடுக்கணும் மாமா."

"பெயின்ட் காயட்டும்" என்றவர் மறுபடி இருமினார். அரத்தைக் கழுவி நீட்டினார். "இதை நீ கொண்டுபோயிடு. கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது." நான் அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றும்போது கேட்டார்: "எறிஞ்சிட மாட்டியே?"

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைக்க முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை.