பின்சீட்டுப் பொறுப்பு

புது வண்டி வீட்டுக்கு வந்த அன்றே கண்ணாடிக்காரன் அதைக் குளிப்பாட்டினான். கடையில் பளபளவென்று கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். யார் யாரோ கை வைத்த வண்டி என்று இவன் மறுபடியும் கழுவினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவனுக்கு. கீறல் என்பது மற்றவர்களுக்கு வெறும் கோடு. அவனுக்கு உயிர் போகிற சமாச்சாரம். அந்தத் தொழில் புத்தியை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வண்டியின் தலையில் கொட்டினான்.

முதலில் டேங்குக்குக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பிலிம் ஒட்டினான். பிறகு மீட்டருக்கு, பிறகு ஹெட்லைட்டுக்கு. விழுந்தால் எஞ்சினில் அடிபடக் கூடாது என்று முன்னால் இரும்பில் கிராஷ் கார்டு மாட்டினான். அந்த இரும்பில் கீறல் விழுந்தால் என்ன செய்வது? அதன் மேல் நுரைக் குழாய் சுற்றினான். நுரை அழுக்காகுமே என்று அதன் மேல் டேப் ஒட்டினான். அவன் மனைவி இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப்புக்கு மேல ஒண்ணும் போடலியா?" என்று கேட்டாள்.

கிண்டல் என்று அவனுக்கு உறைக்கவில்லை. "அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றான்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தெருவில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேக்காரிதான். நொறுங்கிய முழங்கால், பிசகிய தோள், தள்ளுவண்டியில் வாந்தியெடுத்தபடி வருகிற ஆள் என்று நாளெல்லாம் எதையெதையோ தொட்டுத் திருப்பிப் படுக்க வைக்கிறவள். எதற்கும் முகம் சுளித்ததில்லை. அவளுக்குக் குமட்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியில் பொட்டளவு தூசி கண்டாலும் அவன் கட்டைவிரலை நாக்கில் வைத்து, எச்சிலைத் தொட்டு, அந்த இடத்தை வட்டமாகத் தேய்ப்பான். தேய்த்துவிட்டு முகத்தை அதில் பார்த்துக்கொள்வான். பிறகு அதே விரலோடு சாப்பிட உட்காருவான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டான். பழைய தலையணைப் பஞ்சை எல்லாம் திணித்து, தடித்த துணியில் ஒரு பை தைத்து வைத்திருந்தான். வெளிப்புறம் வழவழவென்று இருந்தது. லென்ஸ் துடைக்கிற துணி.

"முன்பக்கத்தக் கார்டு பாத்துக்கும். பின்பக்கம்தான் அனாதையாக் கெடக்கு. சைடு பேனல், இண்டிகேட்டர், எல்லாம். அது உன் பொறுப்பு."

"என் பொறுப்பா?"

"பின்னாடி உக்கார்றது நீதானே? பைய மடியிலயே வச்சுக்க. வண்டி சாயுதுன்னு தெரிஞ்ச உடனே, சாயுற பக்கம், பேனலுக்கும் தரைக்கும் நடுவுல போட்ரணும். வேகமாப் போறப்ப யாரும் விழ மாட்டாங்க. புது வண்டி விழுறதெல்லாம் நிக்கப்போற நேரத்துலதான். டைம் இருக்கும்."

"அப்ப என் காலு?"

"கால நீ பாத்து எடுத்துக்க மாட்டியா? சின்னப் புள்ளையா நீ?"

அன்று முழுக்க ஒத்திகை நடந்தது. அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ப்பான். "விழுது!" என்று கத்துவான். அவள் பையைப் போட வேண்டும். மாடிப்படியில் நின்ற அக்கம்பக்கத்துக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சண்டை போடுவதைவிடப் பையைப் போடுவது சுலபம் என்றுதான் அவள் ஆரம்பித்தாள். ஆனால் கை பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பை சரியான இடத்தில் போய் விழுந்தது. அவன் "சபாஷ்!" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சபாஷ். அதைக் கேட்டு அவளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வேறு வந்து தொலைத்தது.

இதற்கு நடுவில்தான் அந்த விஷயம் வந்தது. ஆஸ்பத்திரி வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. எக்ஸ்ரே பிரிவு மொத்தத்தையும் அங்கே அவளே நடத்தலாம், தங்குவதற்கு ஒரு வீடும் உண்டு என்று பிரிவின் தலைவியான மேடம் சொன்னார். மேடம் வார்த்தையை எண்ணிச் செலவு செய்கிற ஆள்.

"வர்றேன், வரலை. ரெண்டுல ஒண்ணு. நாளைக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க."

அவனால் கூட வர முடியாது. கடை இங்கே இருக்கிறது. அன்று இரவு சாப்பிடும்போது அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவாள். கெஞ்ச வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு மலிவாகத்தான் அவள் விலை வைத்திருந்தாள்.

அவன் யோசித்தான். "அவ்வளவு தூரம் உன்னப் பாக்க வந்து வந்து போனா டயர் தேஞ்சிருமே" என்றான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வண்டிக்கு உறை போடக் கீழே போனான்.

மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் விட அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவள் மேடத்திடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள். இவனை விட்டுப் போகிற அளவுக்கு இவன் என்ன செய்துவிட்டான்? அடித்தானா, குடித்தானா? ஒரு வண்டியைத் துடைக்கிறான். அவ்வளவுதானே என்று அவளே அவனுக்காக வாதாடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் உள்ளே ஏறுகிற சரிவுக்கு முன்னால் சாக்கடை வழிந்து குட்டையாகத் தேங்கியிருந்தது. கறுப்புத் தண்ணீர். அதில் பஞ்சும் பழத்தோலும் மிதந்தன. நேராகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரம் நனைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வண்டியில் அந்தத் தண்ணீர் தெறிக்கக் கூடாதே. அவன் ஹேண்டிலை ஒரே ஒடியாக ஒடித்தான். ஒடித்தவன் பயத்தில் முன் பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தான். நடந்து போகிற ஆள் முந்திக்கொண்டு போகலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது. அப்படியே நின்று, யோசித்து, இடது பக்கமாகச் சாய்ந்தது.

"விழுது!" என்று கத்தினான்.

அவளுக்கு நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. காலை உருவிக்கொண்டு குதித்திருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கை தானாக மடியிலிருந்த பையைத் தூக்கியது. குனிந்து, பேனலுக்கும் தரைக்கும் நடுவில், துல்லியமாக அதை வைத்தாள். அதன் பிறகுதான் காலின் ஞாபகம் வந்தது. அதற்குள் வண்டி அதன் மேல் உட்கார்ந்துவிட்டது.

அவன் மறுபக்கம் குதித்து நின்றுகொண்டான். ஓடிவந்து மண்டியிட்டான். அவள் பக்கம் வந்ததாகத்தான் அவள் நினைத்தாள். அவன் கன்னத்தைத் தரையோடு வைத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"கரெக்டாப் போட்டுட்ட!" அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. "பேனல்ல ஒண்ணுமே ஆகல. சபாஷ்!"

அவள் சாக்கடையில் கிடந்தாள். முழங்கை வரை கறுப்புத் தண்ணீர். அவன் கட்டைவிரலை நாக்கில் வைத்தான். இண்டிகேட்டரில் தெறித்திருந்த ஒரு துளியைத் தேய்க்கத் தொடங்கினான்.

"யோவ்! அந்தம்மா கால் உள்ள மாட்டிருக்குய்யா!" என்று வாட்ச்மேன் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "தூக்குய்யா மொதல்ல!"

"இருங்க, இருங்க. அப்படியே இழுக்காதீங்க. கார்டு தரையில உரசும்" என்றான் அவன்.

வாட்ச்மேன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்தக் காலை நேரத்தில் அவள் காதில் விழுந்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அவரே வண்டியைத் தூக்கி நிறுத்தி, அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக் குழாயைத் தேடிப் போனான்.

தினமும் மற்றவர்களைப் படுக்க வைக்கிற மேசையில் அன்றைக்கு அவள் படுத்தாள். மேடம் ஈரத்துணியால் அவள் பாதத்தைத் துடைத்துத் திருப்பி வைத்தார்.

"எப்படி ஆச்சு?"

அவள் சொன்னாள். பை தைத்தது, ஒத்திகை பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கூசியது.

"கால எடுக்க நேரம் இல்லியா?"

"இருந்துச்சு மேடம்."

"அப்புறம்?"

"பையப் போட்டேன்."

மேடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். கணுக்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அவன் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்ததுதான் பெரிதாக இருந்தது. யாரும் அவள் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. படித்தவள், எலும்பு உடைந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள், சொந்தக் காலை விட்டுவிட்டு ஒரு தகரத்துக்கு மெத்தை போட்டிருக்கிறாள்.

மாவுக்கட்டுப் போட்டு, கக்கத்தில் ஊன்றுகோலைக் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கிளை விஷயத்தை மேடம் கேட்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் அவன் காத்திருந்தான். வண்டி கழுவித் துடைத்து வெயிலில் மின்னியது.

"டாக்ஸி பிடிக்கலாங்க" என்றாள்.

"டாக்ஸி எதுக்கு? நம்ம வண்டி இருக்குல்ல? ஒருக்களிச்சு உக்காரு. மெதுவாப் போறேன்."

வலியில் பேச்சு வளர்க்கத் தெம்பில்லாமல் அவள் ஏறி உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கால் வண்டியின் பக்கவாட்டில் தொங்கியது. அவன் கிளம்பவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்குள்கூடச் சட்டையில்லாமல் நடமாடாத ஆள், அத்தனை நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பனியனோடு நின்றான். குனிந்து, சட்டையை மடித்து, அவள் பாதத்தைக் கையில் ஏந்தி, கட்டைச் சுற்றிப் பதமாகச் சுற்றினான்.

அவளுக்குக் காலையில் சாக்கடையில் கிடந்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. மனுஷன்தான், கொஞ்சம் தாமதமாக உறைக்கிற மனுஷன் என்று நினைத்தாள். வரலை என்று மேடத்திடம் சொல்லிவிட வேண்டியதுதான். கண்ணில் நீர் நிறைந்து அவன் தலை மங்கலாகத் தெரிந்தது.

"போதுங்க" என்றாள் மெல்ல. "அவ்வளவா வலிக்கல."

"வலியா?" அவன் நிமிரவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான். "மாவுக்கட்டு சொரசொரன்னு இருக்கு பாரு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பேனல்ல உரசிக்கிட்டே வரும். பாலிஷ் போயிரும்."

அவள் கண்ணில் அந்த நீர் இன்னும் நின்றது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. இதற்குப் போய் அழுதாயே என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. புறங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி இறங்கினாள். முடிச்சை அவிழ்த்துச் சட்டையை அவனிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"ஏன், என்னாச்சு? ஏறு."

"நீங்க போங்க."

அவன் சட்டையை வாங்கினான். அவள் இறங்கும்போது மாவுக்கட்டிலிருந்து கொஞ்சம் மாவு உதிர்ந்து பேனலில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். குனிந்து, லென்ஸில் ஊதுவது போல "ஹா" என்று அதில் ஊதி, கையிலிருந்த சட்டையால் துடைக்கத் தொடங்கினான். அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் காரை எடுத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலில் தத்தித் தத்தி அவள் அதன் முன்னால் போய் நின்றாள். மேடம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"புது ஊருக்கு நான் போறேன் மேடம்" என்றாள். "இப்ப என்னை உங்க வண்டியில ஏத்திக்கிறீங்களா? சீட்டெல்லாம் மாவாயிரும்."

"ஆனா ஆகட்டும்" என்றார் மேடம். இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னால் தள்ளினார். "மொதல்ல காலு. பாத்து. மெதுவா வை."