இரண்டு கோர் போதும்

பத்திரிகை அலுவலகத்தில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி உதிரிபாகங்களைச் சோதித்து, கொடுக்கிற விலைக்குத் தகுமா தகாதா என்று மாதாமாதம் இரண்டு பக்கம் எழுதுவது அவர் வேலை. சோதிக்கப் பொருள் அனுப்புகிறார்களே என்று எந்தக் கம்பெனிக்காரனிடமும் பல்லிளிக்க மாட்டார். "நல்லா இருக்கு" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதற்குள் கேட்டவனுக்குத் தலை நரைத்துவிடும் என்று ஆசிரியரே சொல்வார். அதில் தராசுக்கு உள்ளூரப் பெருமை.

சோதனை செய்வதில் அவருக்கென்று ஓர் ஆசாரம் இருந்தது. ஹார்ட் டிஸ்கைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவார். வைரஸ் தடுப்பு, தானாக வரும் அப்டேட், அது இது என்று பின்னால் ஓடுகிற சகலத்தையும் நிறுத்துவார். கடைசியாக நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மேஜைமேல் போடுவார். பிறகு ஒரே ஒரு புரோகிராமை ஓடவிட்டு நேரம் பார்ப்பார். கணினிக்கு மூளையான பிராசஸரின் லட்சணம் தெரிய வேண்டுமானால் வேறு தொந்தரவே கூடாது என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். விருந்தாளிக்காகப் பெருக்கிய வீட்டைப் பார்த்து அந்த வீட்டுச் சுத்தத்தை எடைபோடுகிற மாதிரி ஆயிற்றே என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அந்த மாதம் மேஜைக்கு வந்தது, சந்தையில் இருப்பதிலேயே விலை குறைந்த டெஸ்க்டாப் பிராசஸர். இரண்டே கோர். அதாவது ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும். மூன்றாவது வேலை வரிசையில் நிற்க வேண்டும். அதே வாரம் அவருடைய தங்கையின் பழைய கணினி புகை விட்டு உயிரை விட்டது. இரண்டும் ஒன்றாக வந்ததில்தான் வினை.

தங்கை வேகமாக டைப் அடிப்பாள். வேகம் என்றால் சாதாரண வேகம் இல்லை, எதிராளி பேசி முடிப்பதற்குள் எழுத்தாக்கிவிடுவாள். வேலை பார்த்த அலுவலகத்தை மூடியதும் வீட்டில் சும்மா இருந்து நொந்துபோனவளுக்கு ஒரு வழி திறந்தது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் சங்கம் ஒன்று. வாழ்நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் நின்று காதைத் தொலைத்தவர்கள். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் உடனுக்குடன் பெரிய திரையில் எழுத்தாகக் காட்ட ஓர் ஆள் தேவை. முதல் கூட்டம் சோதனைக்கு, பிடித்துப்போனால் நிரந்தரம். அவளுக்கு அந்த வேலை உயிராக இருந்தது. முன்கூட்டியே சங்கத்துக்குப் போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னாள். ஆலையில் மணியடித்தால் யாருக்கும் கேட்காது என்பதால், எல்லோரும் வேலையை நிறுத்த விளக்கைத்தான் அணைத்து அணைத்து ஏற்றுவார்களாம்.

"அண்ணா, என்கிட்ட இருக்கற காசுக்குள்ள ஒண்ணு வாங்கணும். எதுன்னு நீயே சொல்லு. நீ சொன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்."

தராசு அவளுடைய டைப் புரோகிராமைத் தன் மேஜையில் ஏற்றினார். ஆசாரப்படி எல்லாவற்றையும் நிறுத்தினார். கேபிளைப் பிடுங்கினார். விரல் பட்டதும் எழுத்து திரையில் நின்றது. நாலு கோர் உள்ள விலை கூடியதில் மாட்டிப் பார்த்தார், அதிலும் அப்படியே. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டு, "இரண்டு கோர் போதும்" என்று தலைப்பும் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்.

கடையில் மட்டும் ஒரு சின்ன உரசல். கடைக்காரர் தங்கையிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தராசின் பக்கம் திரும்பினார்.

"கேமரா ஓடணும், ரெக்கார்டிங் ஓடணும், எழுத்து எல்லாரோட போனுக்கும் போகணும்னு மேடம் சொல்றாங்க. நாலு கோர் எடுத்துக்குங்க சார். ரெண்டு கையை வச்சுக்கிட்டு சமைச்சு, குழந்தையத் தூக்கி, கதவையும் தொறக்க முடியுமா?"

"உங்களுக்கு விக்கணும். அதனால கை எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது," என்றார் தராசு.

"விக்கணும்தான் சார். அதுக்காக வாயத் தொறந்தா பொய்யாத்தான் இருக்கணுமா?"

வியாபாரி உண்மை சொல்லுவான் என்று நம்பத் தராசு பழகவில்லை. தங்கை நாலு கோர் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணன் முகத்தையும் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று தராசும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் ஒரே இரைச்சல். தங்கள் குரல் தங்களுக்கே கேட்காததால் ஒவ்வொருவரும் தொண்டை கிழியப் பேசினார்கள். சங்கத்தில் காது கேட்கிற ஒரே ஆள், கணக்கு எழுதிக்கொண்டிருந்து பிறகு செயலாளரானவர். அவர் மைக்கைப் பிடித்ததும் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வரவேற்புரை சொல்லுக்குச் சொல் ஓடியது. முன்வரிசையில் பெரிய மீசை வைத்த ஒருவர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, "நம்ம பேச்சு படமா ஓடுதுடா!" என்று கத்தினார். தராசு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

வரவு செலவு அறிக்கையின் நடுவில் எழுத்து நின்றது. கணினிக்கு அப்போதுதான் வைரஸ் தேட வேளை வந்தது. கூடவே ஓர் அப்டேட்டும் இறங்கியது. கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தங்கையின் விரல்கள் நிற்கவில்லை. திரை மட்டும் "மின்கட்டணம்" என்ற சொல்லில் முளையடித்த மாதிரி நின்றது. பிறகு ஒரு பிடி சொற்கள் மொத்தமாக விழுந்தன. மறுபடி நின்றது. செயலாளர் தாளைப் பார்த்துப் படித்தபடியே போனார்.

"அடுத்த தீர்மானம். இனிமே கூட்டம் மாசா மாசம் வேண்டாம், வருஷத்துக்கு ஒண்ணு போதும்னு செயற்குழு நினைக்குது. ஆட்சேபணை இருந்தா கையத் தூக்குங்க."

மீசைக்காரர் மின்கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மின்கட்டணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மண்டபத்தை விட்டால் வாய் நிறையப் பேச அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. வீடுகளில் இவர்களோடு கத்திப் பேச யாருக்குப் பொறுமை இருக்கிறது?

"ஆட்சேபணை இல்ல. நிறைவேறிடுச்சு," என்றார் செயலாளர்.

கேட்ட காதுகள் அந்த மண்டபத்தில் மூன்று ஜோடி. தராசின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று நாற்காலியின் கையைப் பிடித்தார். தங்கை எழுந்தாள். விறுவிறுவென்று சுவரோரம் போய் விளக்குகளை அணைத்தாள், ஏற்றினாள், அணைத்தாள், ஏற்றினாள். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. சிலர் பழக்கதோஷத்தில், இயந்திரத்திலிருந்து எடுப்பதுபோல் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். மூலையிலிருந்த வெள்ளைப் பலகையில் அவள் பெரிதாக எழுதினாள்: "இனிமேல் கூட்டம் வருஷத்துக்கு ஒருமுறைதான் என்கிறார்கள். ஆட்சேபணை உண்டா?"

கைகள் எழுந்த வேகத்தில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி பறந்தது. தீர்மானம் அங்கேயே செத்தது. கணினி அப்போதுதான், "ஆட்சேபணை இல்ல" என்று திரையில் காட்டியது.

செயலாளர் சிடுசிடுத்தார். இந்தம்மா வேண்டாம், வேறு ஆள் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதி முன்வரிசையில் நீட்டினார். மீசைக்காரர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"பொண்ணு இருக்கட்டும்! பொட்டிதான் வேண்டாம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வீடு திரும்புகையில் தராசு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "என் மேஜையில நல்லாத்தாம்மா ஓடுச்சு," என்றார்.

"உன் மேஜையில என் புரோகிராம் மட்டுந்தானே இருந்துச்சு. என் வேலை எங்க இருந்துச்சு?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவரே எத்தனையோ பேரைக் கிண்டலடித்து எழுதியிருக்கிறார்.

மறுநாள் அவர் ஆசிரியரிடம் பக்கத்தை நிறுத்தச் சொன்னார். "ஒன்பது போட்டீங்களே?" என்றார் ஆசிரியர். "அது என் மேஜைக்குப் போட்டது. இன்னும் சோதனை முடியல," என்றார் தராசு. தங்கையையும் அழைத்து வந்திருந்தார். அவளுடைய கணினியை இருந்தபடியே மேஜையில் வைத்தார். எதையும் துடைக்கவில்லை, எதையும் நிறுத்தவில்லை. நெட்வொர்க் கேபிளைத் தன் கையாலேயே செருகினார். கேமராவும் ரெக்கார்டிங்கும் ஓடின. பிறகு காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் தடித்த ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

"நீங்க பேசுங்க. அவ அடிக்கட்டும்," என்று கத்தினார்.

ஆசிரியர் வாயசைத்தார். தங்கையின் விரல்கள் ஓடின. திரையில் முதல் இரண்டு வரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஆசிரியர் ஏதோ சொல்லிச் சிரித்தார். தங்கையும் அடித்துக்கொண்டே சிரித்தாள். தராசு திரையைப் பார்த்தார். இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். தன்னைப் பற்றித்தான் சொன்னாரோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, அப்புறம் எரிச்சலும் அடங்கித் தனியாக விடப்பட்ட ஓர் உணர்வு வந்தது. மீசைக்காரர் மின்கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எழுத்துகள் மொத்தமாக வந்து விழுந்தன. சிரிப்புக்கான காரணம் வந்தது. அவருடைய நரைத்த தலையைப் பற்றித்தான். கடைசி வரியும் வந்தது: "சரி, இப்ப எத்தனை மார்க் போடுறீங்க?"

"நாலு," என்றபடி தராசு திரும்பினார்.

ஆசிரியரின் நாற்காலி காலியாக இருந்தது. பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு எப்போதோ எழுந்து போயிருந்தார்.

"மூணு," என்றார் தராசு.