மூச்சுக்குழாயைச் சுற்றிய வளையம்

கைக்குழந்தைப் பையனுக்கு மூச்சு இழுப்பு வந்ததிலிருந்து அப்பன் மூட்டை அவனைத் தூக்கவில்லை. சிமெண்ட் கிடங்கில் சுமை தூக்குகிறவனுக்கு மூட்டை என்பதே பேராகிவிட்டது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் தூசி இருக்கும். தெருமுனை டாக்டர் தூசிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிடங்கிலேயே தங்கிவிட்டான். அப்படியும் பையனுக்குப் பால் புரையேறியது, மூச்சு கரகரத்தது. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதை நினைத்து, அதிலும் ஏதோ ஒட்டிப் போகிறது என்று பயந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எழுதினார்கள். பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் தூக்கத்திலேயே எடுத்துவிடலாம் என்றாள் ஸ்கேன்காரம்மா. கால் நரம்பில் ஏற்றும் மருந்தில் ரத்தக்குழாய் வெள்ளையாகத் தெரியுமாம். பையனோடு உள்ளே ஒருவர் நிற்கலாம் என்றதும் மூட்டை பின்வாங்கினான். மேலெல்லாம் சிமெண்ட் தூசி என்றான்.

"உன் மேல இருக்கற தூசியில இங்க என்ன சுவரா எழுப்பப் போறாங்க? உள்ள வாய்யா" என்றாள் அவள். அவன் போகவில்லை. மனைவிதான் கதிர் படாமலிருக்க ஈயக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் எல்லோருக்கும் ஒரே வளைவாகப் போகும். இவனுக்கு இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையம் போல நெருக்குகிறது. ரொம்ப அபூர்வம். ஆபரேஷன் செய்து, சின்ன கிளையை வெட்டி வளையத்தைத் திறந்துவிட வேண்டும். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது எப்ப வந்துச்சு சார்?" என்றான் மூட்டை.

"வயித்துக்குள்ளயே உருவானது."

"தூசியால இல்லையா?"

"தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

மூட்டையின் முகம் மலர்ந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பிள்ளை நெஞ்சைத் திறக்கப் போறாங்க. உனக்குச் சிரிப்பு கேக்குதாய்யா?"

"நான் பண்ணலைன்னு ஆயிடுச்சுல்ல."

இத்தனை நாளும் ராத்திரி பூரா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தவள் அவள். பையனை அவன் கையில் வைத்தாள்.

அப்பன் முகம் பழகாத பையன் வீறிட்டான். அழுகையில் கரகரப்பு ஏறியது. மூட்டை பதறிப்போய் அவளிடம் நீட்டினான்.

அவள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நிமித்தித் தோள்ல போடு. நடந்துக்கிட்டே இரு. அப்புறம் அடங்குவான்."

அவன் நடந்தான்.