இடது கடைவாய் எழுத்து

அரபி டீச்சர் வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி வரவேற்பு மேசையின்மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வலியை மறந்து நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

"இது பல்லா, பலகையா?"

முன்பற்கள் அவளுடையவைதான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல் வரிசையின் இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் மூன்றும் வலப்பக்கத்தில் ஒன்றும் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக இந்தக் கிளினிக்கில் செய்துகொடுத்ததுதான் அந்தச் செட். மேலண்ணத்தை மூடுகிற இளஞ்சிவப்புத் தகடு, அதன் ஓரத்தில் நாலு பல்.

பின்னறையில் பூச்சிக்கு அந்தச் சத்தம் கேட்டது. செட்டைச் செய்தவள் அவள்தான்.

பூச்சி என்பது அவள் பெயரில்லை. சின்ன வயதில் அண்ணன் அவளை வாயில்லாப் பூச்சி என்று கூப்பிடுவான். அது தேய்ந்து பூச்சியாகி, வரவேற்பில் உட்காரும் அக்காவிலிருந்து மருந்து கம்பெனிக்காரர்கள் வரை ஒட்டிக்கொண்டுவிட்டது. வேதியியலில் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கியவளுக்கும் அதுதான் பெயர். பல் டாக்டரான அண்ணன் முன்னறையில் வாய்களைப் பார்ப்பான். அவள் பின்னறையில் பற்களைச் செய்வாள். நடுவில் ஒரு கதவு. ஏதாவது சரி செய்ய வேண்டுமென்றால், அண்ணன் செட்டை ஒரு எஃகுக் கிண்ணத்தில் போட்டு அனுப்புவான். கூடவே ஒரு வரி வாய்வழியாக வரும். "உயரம் ஜாஸ்தி." "ஓரம் குத்துதாம்." யாருடைய வாய், அந்த வாய் என்ன செய்து பிழைக்கிறது என்பதெல்லாம் கதவுக்கு அந்தப்பக்கமே நின்றுவிடும்.

"எத்தனை தடவ சொல்றது டாக்டர்? ஒரு எழுத்து வரல. ஒரே ஒரு எழுத்து."

"சாப்பிட முடியுதுல்ல மேடம்?"

"நான் சாப்பிட்டுச் சம்பாதிக்கல. பேசிச் சம்பாதிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு இருமலாக மாறியது.

குழந்தைகளுக்கான அரபி ஒலிப்பாடங்களில் வருவது அவள் குரல்தான். விழுந்து எழுந்த பிறகும் அந்த இடத்தை அவளுக்காக வைத்திருந்தார்கள். நாளைக் காலை மறுபடியும் குரல் சோதனை. எல்லா எழுத்தையும் சொல்லிக் காட்ட வேண்டும். ஒன்று பிசகினாலும் போச்சு. வேறொருத்தி வரிசையில் தயாராக நிற்கிறாள்.

"மத்த எழுத்தெல்லாம் வருது. இது வரல. இதை வச்சுத்தான் அந்த மொழிக்கே பட்டப்பேரு. இது வராம நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?"

"ரெண்டு வாரத்துல பழகிடும் மேடம்."

"நாளைக்குச் சோதனை!"

"எங்க பக்கம் அளவெல்லாம் கரெக்ட்தான். போன வாரம் லேப்ல தேய்க்கிறப்ப ஏதாவது ஆயிருக்கும்."

பூச்சியின் காது மடல் சுட்டது. நன்றாக அமைந்தால் அது 'எங்க கிளினிக் வேலை'. சொதப்பினால் 'லேப்'. இங்கே லேப் என்பது அவள் ஒருத்திதான். வேறு நாட்களில் இந்தச் சூட்டை விழுங்கிவிட்டு அடுத்த வேலையை எடுத்துவிடுவாள். இன்று விழுங்கவில்லை. கதவைத் திறந்தாள்.

"டீச்சர், அதை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

வரவேற்பு அக்கா வாயைப் பிளந்தாள். பூச்சியின் குரல் அத்தனை உரக்க அந்த அறையில் கேட்டதேயில்லை.

உள்ளே ஒரே ஒரு முக்காலி. டீச்சர் அதில் உட்கார்ந்து, பலகையில் வரிசையாக இருந்த, நோயாளிகளின் வாயளவில் சாந்தில் வார்த்த தாடைகளை எதிரிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூசி. பிளாஸ்டிக் கரைசலின் காரநெடி.

"போன வாரம் தேய்ச்சது நீதானா?"

"ஆமா."

"என்னத்தப் பண்ணினே? தேய்க்கிறதுக்கு முன்னாடியும் வரல. இப்பவும் வரல."

"ழ வரலைன்னு சொல்லி அனுப்பினாங்க. ழ சொல்றப்ப நாக்கு மடங்கற இடத்துல, நடுவுல, நல்லாக் குடைஞ்சு எடுத்தேன்."

டீச்சர் எழுந்தே விட்டாள். "ழவா? யாரு சொன்னா ழன்னு?"

"கிண்ணத்தோட அப்படித்தான் வந்துச்சு."

"டாக்டர்கிட்டச் சொல்லிக் காட்டினேன். 'ஓ, நம்ம ழ'ன்னாரு. இல்லன்னு சொல்றதுக்குள்ள வாய்க்குள்ள கண்ணாடிய விட்டுட்டாரு! கண்ணாடிய வச்சுக்கிட்டு எவளால இல்லன்னு சொல்ல முடியும்?"

"அப்புறம் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ இங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

அது பூச்சிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. போன வாரம் தானே ழ, ழ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, தன் நாக்கை நம்பி அந்தத் தகட்டைக் குடைந்திருந்தாள். நன்றாகச் செய்ததாக ஒரு திருப்தி வேறு.

"எனக்குச் சொல்லிக்குடுங்க," என்றாள். "எங்க படுதுன்னு தெரியாம இனிமே கை வைக்கமாட்டேன்."

"ஒரு நாள்ல வர்ற எழுத்தா இது?"

"சரியா வரவேணாம். இடம் தெரிஞ்சாப் போதும்."

"எழுதவைக்காம நான் எதையும் சொல்லித் தர்றதில்ல. பென்சில் எடு."

"பல்லுக்கு எதுக்கு எழுத்து?"

"எழுத்துக்கு எதுக்குப் பல்லுன்னு நான் கேட்டேனா? எடு!"

காகிதம் தேட நேரமில்லை. பழைய சாந்துத் தாடை ஒன்றைக் கவிழ்த்து, அதன் தட்டையான அடியில் டீச்சர் எழுதினாள்: ض. வலமிருந்து இடமாக, படுத்திருக்கும் ஒரு முட்டை, அதை ஒட்டி ஒரு சின்ன மேடு, பிறகு கோட்டுக்குக் கீழே இறங்கி ஏறும் ஒரு குழி. முட்டையின் தலைக்கு மேல் ஒரு புள்ளி.

பூச்சி பக்கத்திலேயே எழுதினாள்.

"பல்ல விட்டுட்டே."

"எந்தப் பல்லு?"

"அந்தச் சின்ன மேடு. அதுக்குப் பேரே பல்லுதான். பல்லு செய்யற பொண்ணே பல்ல விட்டா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?"

மறுபடி எழுதினாள். இந்தத் தடவை புள்ளி இல்லை. "அது பக்கத்து வீட்டு எழுத்து. புள்ளி வை." வைத்தாள். வைத்த வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது. "சொல்லுக்கு நடுவுல வந்தா அந்தக் குழிய உதறிட்டு நடக்கும்," என்று டீச்சர் அதையும் எழுதிக் காட்டினாள். "ம், இப்பச் சொல்லு."

பூச்சி சொன்னாள்.

"அது ழ."

மறுபடி சொன்னாள்.

"அது ள! நுனிய மடக்காதேன்னா கேக்கறியா?"

"மடக்கல."

"மடக்கினே. நம்ம நாக்குக்கு அதே புத்தி. தெரியாத சத்தம் எது வந்தாலும் ழவையோ ளவையோ தூக்கிக் குடுத்து அனுப்பிடும். நுனி சும்மா கெடக்கட்டும். நாக்கோட இடது ஓரத்த மேல் கடைவாய்ப் பல்லுக்கு உள்பக்கமா அழுத்து. பின்னாக்கத் தூக்கு. வாய நெறைச்சுக்கிட்டு வரணும்."

அவள் அழுத்தினாள், தூக்கினாள், நிறைத்தாள். வந்த சத்தம் எந்த மொழியிலும் சேராது. வெளியிலிருந்து அக்கா கதவைத் தட்டினாள்.

"பூச்சி, யாருக்காவது மூச்சு முட்டுதா?"

"இல்லக்கா!"

"உனக்கு வராது," என்றாள் டீச்சர். "விடு. நேரந்தான் வீணாப் போகுது."

"எனக்கு வரலேன்னா நாளைக்கு உங்களுக்கும் வராது!"

கத்திவிட்டாள். பலகையில் இருந்த தாடைகளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. கோபத்தில் தாடை இறுகி, நாக்கு விறைத்திருந்தது. அந்த விறைப்போடு இன்னொரு தடவை சொன்னாள். நாக்கின் இடது ஓரம் கடைவாய்ப் பல்லின் உள்சுவரில் போய் உராய்ந்து நின்றது. கனமான ஏதோ ஒன்று வாயை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

டீச்சர் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"பாதி," என்றாள். "இடம் அதுதான்."

பூச்சி விரலைத் தன் வாய்க்குள் விட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செட்டைக் கழுவித் துடைத்து உலர்த்தினாள். நாக்கு படுகிற பக்கம் முழுக்க வெள்ளைப் பொடியை மெல்லத் தூவி நீட்டினாள்.

"போட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவ சொல்லுங்க. எச்சில் விழுங்காதீங்க. உடனே கழட்டுங்க."

கழற்றியதை விளக்கின் கீழே பிடித்தாள். இடப்பக்கப் பற்களை ஒட்டிய ஓரம் முழுக்கப் பொடி துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. போன வாரம் அவள் குடைந்து குடைந்து எடுத்த நடுப்பகுதியில் பொடி துளியும் கலையவில்லை. அந்த எழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இருந்த ஓரமோ தடிப்பாகக் கிடந்தது. அங்கே எப்போதும் தாராளமாக வைக்கச் சொல்லி அண்ணனின் உத்தரவு, உடையாமல் இருக்க.

"பாத்தியா," என்றாள் டீச்சர்.

"பாத்துட்டேன். பாத்து என்ன? நடுவுல ஏற்கெனவே எடுத்தாச்சு. இப்ப இதுதான் முட்டுக்குடுத்துக்கிட்டு இருக்கு. இதையும் எடுத்தா ஒடிஞ்சிடும்."

அண்ணன் உள்ளே வந்தான். "பூச்சி, வெளிய ஆளுங்க நிக்கறாங்க. இங்க என்ன பாட்டு கிளாஸா?"

அவள் சொன்னாள். ழ இல்லை என்பதையும், பொடி போன இடத்தையும், போகாத இடத்தையும். அவன் செட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். நடுவில் அவன் விரல் நிழலாகத் தெரிந்தது.

"இப்பவே வெங்காயத்தோல் மாதிரி இருக்கு. ஓரத்துலயும் எடுத்துட்டுக் குடுத்து, அது ஒடிஞ்சு, துண்டு தொண்டைக்குள்ள போனா யாரு பதில் சொல்றது? புதுசாச் செய்வோம். ஒரு வாரம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஒரு வாரத்துல என் இடத்துல வேற ஒருத்தி உக்காந்து பாடம் நடத்துவா," என்றாள் டீச்சர். "காலையில ஒரு மணி நேரம் தாங்கட்டும். தண்ணியத் தவிர ஒண்ணும் வாயில வைக்கமாட்டேன். பேசி முடிச்சதும் கழட்டிடறேன்."

"என் பேரச் சொல்லி வெளிய போற சாமான் மேடம் இது. பூச்சி, அதுல கை வைக்காதே."

முன்னறையில் யாரோ முனகினார்கள். அவன் போய்விட்டான்.

பூச்சி செட்டைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியாமக் கேக்க நான் என்ன குழந்தையா?"

தேய்க்கிற மோட்டாரை ஓடவிட்டாள். இளஞ்சிவப்புத் தூள் விரல்மேல் படிந்தது. கொஞ்சம் எடுப்பாள், தடிமனை அளப்பாள், பொடி தூவுவாள், நீட்டுவாள். டீச்சர் சொல்வாள், கழற்றுவாள். மறுபடி கொஞ்சம்.

"இப்ப எப்படி?" என்று கேட்டாள் டீச்சர்.

"உங்களுக்குத்தான் தெரியும்."

"தகடு மண்டைக்குள்ள அதிருது. என் காதையே என்னால நம்ப முடியல. நீ கேட்டுச் சொல்லு."

"எனக்கே பாதிதான வருது?"

"வராத மீதி எப்படி இருக்கும்னு உனக்கு இப்பத் தெரியும். கேளு."

டீச்சர் சொன்னாள். பூச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இல்ல."

இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

"இல்ல."

"நல்லாக் கேளுடி!"

"இல்லேன்னா இல்லதான்!"

கடைசியாகத் தேய்த்தபோது அவள் மூச்சுவிடவில்லை. டீச்சர் செட்டை மாட்டிக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னாள். பூச்சியின் வாய்க்குள், இடது ஓரத்தில், அவள் நாக்கு தானாக அழுந்தியது.

"வந்துடுச்சு," என்றாள்.

டீச்சர் நன்றி சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, எழுத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அண்ணன் வந்து மேசையிலிருந்த தூளைப் பார்த்தான். "கை வைக்காதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"ஒடிஞ்சா?"

"நான் ஒடிச்சேன்னு சொல்லு. இத்தனை நாள் அப்படித்தான சொன்னே? நல்லா வந்தா மட்டும் உன் பேரச் சொல்லாதே."

"ரொம்பப் பேசறே."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மறுநாள் மதியம் டீச்சர் வந்தாள். வரவேற்பில் நிற்காமல் நேராகப் பின்னறைக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்தாள். செட் நடுவில் சரியாக இரண்டாகக் கிடந்தது. பின்னாலேயே வந்த அண்ணன் அதைப் பார்த்தான். சொல்லவேண்டியதெல்லாம் அவன் முகத்தில் இருந்தது.

பூச்சி துண்டு இரண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். "எப்ப?"

"சோதனை முடிஞ்சு." பல் இல்லாத பக்கம் காற்று கசிந்தது. "அந்த எழுத்தச் சொன்னேன். பதிவு பண்ற பையன் இன்னொரு தடவன்னான். சொன்னேன். இன்னும் ஒரு தடவன்னான். என்னய்யா தப்புன்னு கேட்டா, தப்பெல்லாம் இல்ல மேடம், சும்மா சத்தம் அளந்து பாக்கறேங்கறான்! என் உசுரு போகுது, இவன் சும்மா அளக்கறான். வெளிய வந்து பல்லக் கடிச்சேன். ஒடிஞ்சிடுச்சு."

"அந்த இடம்?"

"எனக்குத்தான். பதிவு அடுத்த மாசம். அதுக்குள்ள ஒடியாத செட்டு வேணும். ஒழுங்கா வேணும். கேட்டுக்கிட்டியா?"

"அளவு எடுத்துடலாம் மேடம், வெளிய வந்து உக்காருங்க," என்றான் அண்ணன்.

"இரு," என்றாள் பூச்சி. முக்காலியை இழுத்துப் போட்டாள். "டீச்சர், உக்காருங்க. முதல் எழுத்துலேருந்து எல்லாத்தையும் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் எங்க படுதுன்னு பாத்துட்டுத்தான் புதுத் தகட்டுக்கு மெழுகு வைப்பேன்."

"பல்லே இல்லாம எப்படிச் சொல்றது?"

"தப்பாவே சொல்லுங்க. எங்க தப்புதுன்னு தெரியட்டும்."

"பூச்சி, வெளிய ஆறு பேரு நிக்கறாங்க," என்றான் அண்ணன்.

"நிக்கட்டும்."

டீச்சர் அவளை முறைத்தாள். அவளும் முறைத்தாள். பிறகு டீச்சர் உட்கார்ந்து, முதல் எழுத்தைச் சொன்னாள்.