ஈரமரத்து மூடி

பெட்டியைக் கையில் வாங்கியதுமே இளையவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டப் பெட்டி இவ்வளவு கனக்கக் கூடாது. மூடியைத் தனியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். துணி துவைத்துவிட்டு வந்த கை தொட்டதுபோலச் சில்லென்றிருந்தது. நிறம் வேறு பளிச்சென்ற மஞ்சள். தெருவை அகலப்படுத்துகிறோம் என்று போன மாதம் வீட்டுக்கு எதிரே ஒரு முசுக்கட்டை மரத்தை வெட்டிச் சாய்த்தார்களே, அந்த மரம்தான். முசுக்கட்டை நாள்பட நாள்படத் தேன் நிறத்துக்கு இறங்கி, பிறகு பழுப்பாகிவிடும். இதுவோ தன்னை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தியே இன்னும் எட்டாத மரம்.

"இதுக்கு ஒரு கண்ணாடி வெச்சுக்கோ. உனக்குத்தான். நாளைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போ," என்றாள் மூத்தவள்.

"சரிக்கா."

புருஷன் போனதிலிருந்து அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறாள். சாப்பிடு என்றால் சரி, போதும் எழுந்திரு என்றால் அதற்கும் சரி. அழுதுவிடு, பாரம் குறையும் என்று வந்தவர்கள் சொன்னபோதும் சரி என்றாள். ஆனால் அழவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் தேட வேண்டும். சரி என்றால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அண்ணன் போனில், "அவனே இல்ல, இனி அங்க உனக்கு என்ன இருக்கு, நம்ம வீட்டுக்கு வந்துரு," என்று கூப்பிட்டபோதும் அப்படித்தான். சரிண்ணே என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு அரிசி களையப் போய்விட்டாள்.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இவர்கள். மூத்தவள் வரும்போதே கடைசல் கற்றுக்கொண்டு வந்தவள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு லேத்தைப் போட்டு, சுழலும் மரத்தில் உளியை வைத்துக் கிண்ணமும் பெட்டியும் கடைந்துகொண்டிருந்தாள். இளையவள் கண்ணாடிக்காரி. வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரங்களில் செம்புத் தாள் சுற்றி, ஈயம் உருக்கிப் பற்றவைப்பாள். இரண்டையும் சேர்த்தவன் இளையவளின் புருஷன். "ஒரு வீட்டுல ரெண்டு உலை எதுக்கு? மூடில ஒரு வட்டம் விடுங்கண்ணி, இவ கண்ணாடி போடட்டும்," என்று வேடிக்கையாகச் சொல்லப்போய், அதுவே தொழிலாயிற்று. மூடியின் நடுவை மூத்தவள் வளையமாகக் கடைந்து, உள்ளே ஒரு சின்னப் படி விடுவாள். அந்தப் படியில் இளையவளின் கண்ணாடி உட்காரும். மூடியைத் தூக்கினால் 'பொப்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வராத பெட்டி கொட்டகையைத் தாண்டிப் போகாது. வந்தவற்றை அவன் பைக்குள் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய், பேசியே விற்றுவிட்டு வருவான். மழை தொடங்கிய சமயத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மழை விடும்போது அவன் இல்லை.

மூத்தவள் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று உண்டு. ஈரமரத்தைப் பெட்டிக்குத் தொட மாட்டாள். முதலில் தடிமனாகக் கடைந்து, மெழுகு பூசி, பரணில் போட்டுவிடுவாள். ஒரு வெயிலும் ஒரு மழையும் பார்த்த பிறகுதான் மறுபடி லேத்தில் ஏறும். மரம் காயும்போது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். வட்டமாகக் கடைந்தது முட்டையாகிவிடும். கண்ணாடி சுருங்காது. மரம் இறுக்க இறுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் யாரும் தொடாமலே விரிசல் விட்டுவிடும். இதனால்தான் காய்ந்த மரத்துக்குக்கூட நகக்கண் அளவு இடைவெளி விட்டு, மெழுகு வைத்துப் பதிப்பார்கள். ஒருமுறை ஒருத்தர் தன் வீட்டு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த வாரம் பெட்டி வேண்டும் என்று நின்றார். "அவ்வளவு அவசரம்னா பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கோங்க, அதுக்குக் காயற வேலையே இல்ல," என்று மூத்தவள் வாசலோடு அனுப்பிவிட்டாள். அப்பேர்ப்பட்டவள் கடைந்த பெட்டிதான் இது.

இளையவள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, மிச்சத் துண்டுகள் கிடக்கும் தட்டைக் கிளறினாள். முன்பெல்லாம் ஒரு பச்சைக்குப் பக்கத்தில் எந்த நீலம் வரலாம் என்று அரை நாள் யோசிப்பாள். இன்று கைக்கு வந்ததை எடுத்தாள். ஒரு பச்சை, புகை படிந்தாற்போல ஒன்று, தேன் நிறத்தில் ஒரு சில்லு. ஈரமரம் என்பதால் கை தானாகவே தாளில் ஒரு முட்டை வடிவத்தை வரைந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒடுக்கி வெட்டினால் இப்போதைக்கு இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும், கொஞ்சம் கடகடக்கும். ஆனால் மரம் சுருங்கி வந்து ஒருநாள் சரியாகப் பிடித்துக்கொள்ளும், உடையாது. கைக்குத் தெரிந்த அளவுக்குக்கூட மனசுக்கு அதில் அக்கறை இல்லை. ஈயம் உருக்கும் சால்டரிங் கோல் சூடாகிவிட்டதா என்று பார்க்க நுனியருகே விரலைக் கொண்டுபோனவள், விரல் கோலின் மேலேயே இருப்பதைத் தோல் பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் பார்த்தாள். விரலை எடுத்தாள். யாருடைய விரலோ என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கொட்டகை வாசலில் மூத்தவளின் புருஷன் வந்து நின்றார். தம்பி போனதிலிருந்து அவர் கொட்டகைக்குள் காலெடுத்து வைப்பதில்லை, நிலையோடு நின்றுகொள்வார்.

"டீ போட்டிருக்கேன்."

மூத்தவளின் லேத் ஓடிக்கொண்டேயிருந்தது.

"ரெண்டு பேரும் பேசாம இருக்கறதப் பாத்தா பேங்க்ல வரிசைல நிக்கற மாதிரி இருக்கு. இங்க கொண்டு வரட்டுமாம்மா?"

"சரி மாமா," என்றாள் இளையவள்.

"நீங்க போட்ட டீயா? அப்ப மரத்துக்குப் பூசலாம், பூச்சி வராது," என்றாள் மூத்தவள், லேத்தை விட்டுக் கண்ணெடுக்காமல். அவர் சிரிக்கப் பார்த்தார். வராமல் போகவே, திரும்பிப் போனார்.

அவர் போன பிறகு இளையவள் சொன்னாள். "அக்கா, இது ஈரம்."

உளி மரத்தைச் சீவிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? ஈரமரம்க்கா இது."

மூத்தவள் லேத்தை நிறுத்தினாள். அது முனகி முனகி நின்றது. "கடஞ்சவ நான். எனக்குத் தெரியாதா?"

"மூடி கோணிக்கும். கண்ணாடி வெடிச்சிரும்."

"வெடிக்கும்."

"அதான் முட்டைக் கணக்குல வெட்டலாம்னு..."

"வட்டமா வெட்டு. இறுக்கமா வெச்சுப் பதி."

"உடையும்னு தெரிஞ்சேவா?"

மூத்தவள் மடியில் விழுந்திருந்த மஞ்சள் சுருள்களைத் தட்டிவிட்டாள். "உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் இதைச் சரி பண்ண ஆளிருக்கா?"

"கண்ணாடிய நானே மாத்திக்குவேன்."

"கண்ணாடிய மாத்துவ. கோணின மூடிய?"

இளையவள் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"சொல்லுடி. கோணின மூடிய யாரு கடஞ்சு தருவா? அத எடுத்துக்கிட்டு எங்க வருவ?"

அவ்வளவுதான். மறுபடி லேத்தைப் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். போகாதே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கூடப் பிறந்தவன் கூப்பிடும்போது நிறுத்தி வைக்க ஓரகத்திக்கு வாயேது? தலை குனிந்திருந்தது, சீவல் மட்டும் நாடா நாடாவாகப் பறந்துகொண்டிருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் இளையவள் கவனித்தாள். அந்த மரத்தில் கடைய இனி ஒன்றுமில்லை. கிண்ணம் எப்போதோ முடிந்துவிட்டது. மூத்தவள் அதை மெலிய வைத்துக்கொண்டே இருந்தாள்.

இளையவள் தாளில் வரைந்திருந்த முட்டையை அடித்துவிட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் உள்வட்டத்தை அப்படியே சுற்றி வரைந்தாள். நகக்கண் இடைவெளிகூட விடவில்லை. அக்கா சொன்னாளே, சரி என்று செய்தாளா, வேறெதற்கோ செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வெட்டினாள், உரசினாள், செம்புத் தாள் சுற்றினாள், பற்றவைத்தாள். கட்டை விரலால் அழுத்தியதும் கண்ணாடி படியில் போய் உட்கார்ந்துகொண்டது. மூடியைப் போட்டுத் தூக்கினாள். 'பொப்' என்றது. லேத்துப் பக்கமிருந்து தலை நிமிரவில்லை, ஆனால் உளி ஒரு கணம் நின்றது.

மறுநாள் காலையிலேயே அண்ணன் வேனோடு வந்துவிட்டான். பேசிக்கொண்டேதான் மூட்டைகளை ஏற்றினான். அண்ணி மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறாள், ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறது, பிள்ளைகள் அத்தை அத்தை என்று குதிக்கிறார்கள். மூத்தவளின் புருஷன் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இன்னொரு தரம் கட்டினார். மூத்தவள் வெளியே வரவில்லை. கொட்டகையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. வேன் தெருவைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அப்புறம் எந்த இடத்தில் அது கேட்காமல் போயிற்று என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் முன்சீட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் வெயில் ஏறியது. அவள் பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி அதன் மேல் சாய்த்து, வேனின் முன்கண்ணாடிக்கு அடியிலிருந்த தட்டின் மேல் வைத்தாள்.

"அங்க எதுக்கு வெக்கற?" என்றான் அண்ணன். "கீழ, துணி மூட்டைல வை. வெயில் பட்டா மரம் வாயப் பொளந்துரும்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா?"

அவள் சரி என்று சொல்லவில்லை. அண்ணன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தான். மூடிக் கண்ணாடி வழியாக இறங்கிய பச்சை வெளிச்சம் அவன் சட்டைப் பையில் விழுந்திருந்தது. கறையாக்கும் என்று நினைத்து ஒரு கையால் அதைத் தட்டிவிட்டான். அது போகவில்லை. சாலை ஒரு மலைச்சரிவை ஒட்டி வளைந்தது. பெட்டியின் மேல் நிழல் விழுந்தது. இளையவள் முன்னால் சாய்ந்து, அதை ஒரு சாண் தள்ளி, மறுபடி வெயிலுக்கு நகர்த்தி வைத்தாள்.