தலையணைக்குக் கீழே ஒரு பன்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மாமனாரின் தலையணைக்குக் கீழே. விரிப்பு மாற்றப் போனேன், பிளாஸ்டிக் உறைக்குள் விமானத்தில் கொடுக்கும் பன் ஒன்று கல் மாதிரி கிடந்தது. மனுஷர் பதினான்கு பன்களோடு வந்திறங்கியவர். இன்று மூன்றாம் நாள், மிச்சம் அது ஒன்றுதான்.

(எண் போட்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. எண் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது.)

2

தொடக்கத்துக்கு முயன்று பார்த்தவை:

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு தந்தை, கடல் கடந்து — வேண்டாம், இப்போதே மூக்கை உறிஞ்சுகிறது.

மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம் — எந்த விமானம்தான் கிழிக்கவில்லை?

நேராகவே சொல்லிவிடுகிறேன். மகள் என்னைக் கட்டிக்கொண்ட அன்று மாமனார் சொன்னது இது: "உன் வீட்டு அடுப்புல வெந்தது ஒரு வாய் கூட என் தொண்டைல இறங்காது." அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் அவள் டிக்கெட் அனுப்பியதும் கிளம்பி வந்துவிட்டார், சொன்ன சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினோரு நாள் தங்குவார், சாப்பிட மாட்டார். வருகிற வழியிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, மிச்சத்தைப் பையில் கட்டிக்கொள்வது என்று திட்டம்.

3

திட்டம் ஓர் இடத்தில் சொதப்பியது. அந்த விமானச் சாப்பாடு அவருக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கடைக்காரர்களின் தராசைச் சந்தேகப்பட்டவர். அவர் மடியில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. அலுமினிய மூடிக்குள் ஆவி பறக்கும் சோறு. கட்டைவிரல் நகமளவு வெண்ணெய். பொட்டலத்தில் நாலு சிட்டிகை உப்பு. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழையாமல் ஓரத்தில் ஒரு கேக். சிக்கனா பாஸ்தாவா என்று பணிப்பெண் கேட்டதற்கு இரண்டும் என்றாராம், கொடுத்தும் விட்டார்களாம். பக்கத்தில் தூங்கியவரின் பன்னும் இவர் பைக்கே வந்தது.

நடுவில் ஒரு விமான நிலையத்தில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து சூப் குடித்திருக்கிறார். பிறகு இன்னொரு சூப்.*

* ஒலிபெருக்கியில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். மூன்றாவது கிண்ணத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

இதையெல்லாம் அவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சொன்னார். விடிந்ததிலிருந்து அவள் சமைத்ததெல்லாம் அவர் எதிரிலேயே ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

4

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காய்ந்த பன்னைத் தண்ணீரில் நனைத்து ஒருவர் மூன்று நாள் ஓட்டுவார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நானே நம்பமாட்டேன். வில்லனாக்கிப் பார்த்தேன், அந்த வரியிலும் கூடுதல் வெண்ணெய் கேட்கிறார். ஆனால் காலையில் செய்தித்தாளை எடுக்கக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். பயமாக இருக்கிறது. எழுதுகிறவன் நினைத்தால் ஒரே வரியில் அவரைச் சாப்பிட வைத்துவிடலாம். மருமகன் என்ன செய்வான்?

முடிவுக்கு இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) மாமனார் மகளைக் கட்டிக்கொண்டு கதறி, சோற்றைப் பிசைந்து —

ஆ) சூப் குடிப்பதற்காக எட்டு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

5

மேசையில் வைத்திருந்த இந்தத் தாள்களை என் மனைவி படித்துவிட்டாள். அவள் மருத்துவமனை நர்ஸ், பேனா எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். (அ)-வை அடித்து ஓரத்தில் 'எங்கப்பாவா?' என்று எழுதினாள். (ஆ)-வை அடித்து ஒன்றும் எழுதவில்லை. நடையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"பன்னு ஒண்ணுதான் இருக்கா?" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து போனாள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டுச் சக்கரம் வைத்த காய்கறி அடுக்கைக் காலி செய்தாள். சாப்பாட்டு நாற்காலிகள் மூன்றை ஜன்னலோரம் வரிசையாகப் போட்டாள். அப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, என் பெல்ட்டை எடுத்து அவர் இடுப்போடு சேர்த்து மாட்டினாள். நோயாளிகளிடம் பேசும் குரலில் நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார். நான் நடுவில். வழிப்பக்க நாற்காலி காலி.

ஒன்றரை மணி நேரம் கழித்து, தன் நர்ஸ் சீருடையில், அடுக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அலுமினிய மூடி, நகமளவு வெண்ணெய், நாலு சிட்டிகை உப்பு. உறைக்குள் இருந்த பன்கூட அவளே சுட்டது.

"சிக்கனா, பாஸ்தாவாப்பா?"

6

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை மேகம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

"இறங்க இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார்.

"எட்டு நாள் இருக்குப்பா."

பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார். பிறகு சிக்கன் என்றார். என் மடிக்கொன்று, அவர் மடிக்கொன்றாகத் தட்டு வந்தது. அவர் மூடியைத் தொடவில்லை. பன்னை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். அப்புறம் முன்பின் தெரியாத பயணியிடம் கேட்பதுபோலத் தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"உங்க பன்னை நீங்க சாப்பிடப் போறீங்களா, மாப்பிள்ளை?"

ஒன்பது வருடத்தில் முதல் மாப்பிள்ளை. கொடுத்துவிட்டேன்.

7

இதைத் தட்டோடு வந்த காகிதக் கைத்துண்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உறை பிரிக்கும் சத்தம் கேட்கிறது. இல்லை, மூடும் சத்தமாகவும் இருக்கலாம். பன் வாய்க்குப் போகிறதா, தலையணைக்குப் போகிறதா? அடுக்கைப் பிடித்தபடி அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் எண்ணிலிருந்தே வழிப்பக்க நாற்காலி உங்களுக்காகத்தான் காலியாக இருக்கிறது. கொஞ்சம் எட்டிப் பார்த்து, அவளிடம் சொல்லுங்கள்.