பழகாத கை

அப்துல் ரவூப் சவூதி வேலையை முடித்துக்கொண்டு திருச்சுழிக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்த இருபதாவது நாள், அவர் மனைவி ஷஹீனாவுக்கு வலது கை தூக்க வரவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டப் போனவளின் கை, துண்டோடு பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, முதுகுப் பக்கமும் வளையவில்லை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தாள். ஒரு வாரத்தில் தலை சீவ முடியவில்லை. உலை இறக்க முடியவில்லை.

ரவூப்தான் பதறிப் போனார். அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார். தோள்பட்டை இறுகியிருக்கிறதாம். சுகர் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் சுவரில் விரலை ஊன்றி ஊன்றி மேலே ஏற்றச் சொன்னார். ஒரு மாதம் ஏற்றினாள். விரல் கண் உயரத்தைத் தாண்டவில்லை.

ரவூப்பை ஒரு குறை சொல்ல முடியாது. தம்மாமில் ஒரு மளிகைக் கோடவுனில் இருபத்தேழு வருஷம் பெட்டி தூக்கியவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாச லீவு. மகள் ஃபாயிஸா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் விளையாட்டாகக் கூட்டிப் பார்த்து, "அத்தா நம்ம வீட்ல இருந்த நாளெல்லாம் சேத்தா ரெண்டு வருஷம்கூடத் தேறலம்மா" என்றாள். அப்போது ஷஹீனா சிரித்தாள். அந்த வீட்டை, கொத்தனார் கூடவே வெயிலில் நின்று எழுப்பியவள் அவள். பிள்ளைகள் இருவரையும் வளர்த்து, ஃபாயிஸாவைப் பாலவனத்தத்தில் கட்டிக் கொடுத்து, மகன் அனீஸைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பியதும் அவள்தான்.

திரும்பி வந்தவர், பெண்டாட்டியை இனி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை அவரே பிடித்தார். ரேஷன், கரண்டு பில், பேங்கு எல்லாம் அவரே பார்த்தார். "இனி நீ எதுக்கு அலையணும்? நான் எதுக்கு இருக்கேன்?" என்பார். கை வலிக்கிறதே என்று, அடுப்படியில் மேல் தட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் ஒருநாள் கீழ்த் தட்டுக்கு மாற்றி வைத்தார். அன்று மிளகாய்த்தூள் எங்கே என்று தெரியாமல், யார் வீட்டுக்கோ வந்தவள் போல ஷஹீனா வெகுநேரம் நின்றாள். அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முத்துமாரியம்மாள்தான் தங்கச்செல்வியைப் பற்றிச் சொன்னாள். "ஏ ஷஹீனா, அருப்புக்கோட்டையில பந்தல்குடி ரோட்ல ஒரு பிள்ளை இருக்கா. பொம்பளையாளுகளுக்கு மட்டும் பாக்குறா. எனக்கு இடுப்பு பிடிச்சு எந்திரிக்க முடியாமக் கெடந்தேன்ல, அவதான் சரி பண்ணுனா. நோவ மட்டும் பாக்க மாட்டா, ஆளையும் சேத்துப் பாப்பா. போயித்தான் பாரேன்."

தங்கச்செல்விக்கு நாற்பது வயது இருக்கும். கேரளாவில் ஓர் இயற்கை மருத்துவமனையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, மாடியில் ஓர் அறையை எடுத்து நடத்தினாள். உயரமான ஒரு பலகைக் கட்டில், வெளுத்த விரிப்பு, ஒரு பக்கம் சுடுதண்ணீரில் வைத்த நல்லெண்ணெய்க் கிண்ணம். வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. ஷஹீனாவைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கால்மாட்டில் போய் நின்றாள்.

"கைய வைக்கலாமாக்கா?"

"வைக்கத்தான வந்திருக்கேன்."

"ஆனாலும் கேக்கணும்க்கா. கேட்டுட்டு வச்சாத்தான் உடம்பு விடும்."

"வலி தோள்லம்மா. நீ காலப் பிடிக்கிற."

"தெரியும்க்கா. நேரா அங்க போனா இன்னும் பூட்டிக்கிடும்."

முதல் ரெண்டு தடவையும் தோள் பக்கமே அவள் போகவில்லை. பாதம், கெண்டைக்கால், இடுப்பு, கழுத்தின் அடி என்று மெல்ல ஏறி வந்தாள். ஒவ்வோர் இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தாள். இத்தனை வயதில் தன்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்று ஷஹீனாவுக்குத் தோன்றியது. பிள்ளைகள் கேட்டதில்லை, பிரசவம் பார்த்த நர்சு கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருக்க, அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது தடவை கட்டிலில் கண் அசந்துவிட்டாள். விழித்தபோது தன் வலது கை தலைக்கு மேலே, காதை ஒட்டி நீண்டு கிடப்பதைப் பார்த்தாள். தங்கச்செல்வி மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலி இல்லை. 'என் கையா இது' என்று நினைத்த மாத்திரத்தில் தோள் சுண்டிப் பூட்டிக்கொண்டது. உயிர் போகிற வலி.

"பாத்தீகளாக்கா? தூங்கையில இம்புட்டுத் தூரம் வந்துச்சு. எலும்புல ஒண்ணுமில்ல. சதைதான் பிடிச்சு வச்சிருக்கு. எதையோ கிட்ட வர விடாம மறிக்கிற மாதிரி." கையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எந்தப் பக்கமா படுப்பீக?"

"இடது பக்கம். செவுத்தப் பாத்து."

"அப்ப வலது தோளு மேல இருக்கும்."

"ஆமா."

"பின்னாடி யாரு?"

ஷஹீனா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணில் இருந்து நீர் காதுக்குள் வழிந்தது. தங்கச்செல்வி துடைக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவள் பாதம் ரெண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெனமும் தோள்ல ஒரு கைய வப்பாரும்மா," என்றாள் ஷஹீனா கடைசியில். "வேற ஒண்ணுமில்ல. ஆள் இருக்காளான்னு பாக்குற மாதிரி வப்பாரு. வச்சதும் தூங்கிருவாரு. நான் அசையாமக் கெடப்பேன். விடியிற வரைக்கும்."

"சொல்லலையாக்கா?"

"என்னன்னு சொல்ல? அப்படி ஒரு கைய வைக்கிறதுக்காகத்தான அந்த மனுசன் இருபத்தேழு வருஷம் அங்க கெடந்தாரு."

கீழே டீக்கடையில் காத்திருந்த ரவூப் அன்று மாடிப்படி வரை வந்தார். ஷஹீனாவின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் வலி பொறுக்காமல் அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். தங்கச்செல்வியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, வாரத்துக்கு ஒருக்காதான இங்க வாரோம். மத்த நாள்ல வீட்ல நான் பிடிச்சு விடலாமா? எப்படின்னு சொல்லிக் குடுத்தீகன்னா நல்லாருக்கும்."

தங்கச்செல்வி ஷஹீனாவைப் பார்த்தாள். ஷஹீனா தரையைப் பார்த்துக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினாள்.

"கேட்டுட்டு வையுங்கண்ணே," என்றாள் தங்கச்செல்வி. "அழுத்த வேணாம். அவுக வேணாம்னா எடுத்துருங்க."

அவர் அதைப் பாடம் போலப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் எண்ணெயைச் சுட வைத்து, உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார். "வைக்கட்டுமா ஷஹீனா?" பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல் இருந்தது. "ம்" என்றாள். பெட்டி தூக்கிக் காய்ந்த கை, எண்ணெய்க்கும் அடங்காமல் சொரசொரத்தது. பட்டதும் அவளைக் கேளாமலே தோள் காதுவரை ஏறிக்கொண்டது. அவர் இன்னும் லேசாக, பூவைத் தொடுவதுபோல் தொட்டார். தோள் இறங்கவில்லை. அடுத்த நாளும் அதே. அதற்கு அடுத்த நாளும்.

நாலாம் நாள் அவர் கேட்டபோது ஷஹீனா, "வேணாங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ரவூப் எண்ணெய்க் கையோடு நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் சொல்வது பாவம் என்று தோன்றியது. "நீங்க நல்லவுக. உங்க மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். உங்க கை எனக்குப் பழகலங்க. பழகிரும், பழகிரும்னு பாத்தேன். பழக மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

அவர் "சரிம்மா" என்றார். உள்ளங்கை எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே தடவிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட முருங்கைக்கு ஊற்றச் சொல்கிற மனுஷன், குழாயைத் திறந்து விட்டபடி வெகுநேரம் நின்றார். தொட்டித் தண்ணீர் பாதி போயிருக்கும். அடைக்கச் சொல்லி ஷஹீனா குரல் கொடுக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றே அவர் தலையணையை முன்னறைக்கு எடுத்துப் போய்விட்டார். "அங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது" என்றார்.

அதற்குப் பிறகு கை தேற ஆரம்பித்தது. அவள் தூங்கினாள். ரெண்டு வாரத்தில் விரல் சுவரில் நெற்றிக்கு மேலே ஏறியது. மறுமாதம் கை முதுகுக்குப் போனது. ஃபாயிஸா பாலவனத்தத்தில் இருந்து வந்திருந்தபோது, "அம்மா, பின்னி விடு, பாப்போம்" என்று முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஷஹீனா ரெண்டு கையாலும் மகளுக்குப் பின்னினாள். "அத்தா, இங்க வந்து பாருங்க" என்று ஃபாயிஸா கூப்பிட்டாள். ரவூப் வாசற்படியில் நின்று பார்த்தார். சிரித்த முகமாகத்தான் நின்றார். பிறகு கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். தெருவில் யார் விசாரித்தாலும், "எல்லாம் தங்கச்செல்வியோட கை ராசி" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். கை ஒவ்வொரு விரற்கடை ஏறும்போதும் ஷஹீனாவுக்கு அவமானமாக இருந்தது.

கடைசியாகப் போன அன்று தங்கச்செல்வியிடம் கேட்டாள். "இதச் சரி பண்ணுன மாதிரி அதச் சரி பண்ண முடியாதா?"

தங்கச்செல்வி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அதுக்கு வைத்தியம் தெரியலக்கா," என்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்களத்தான் நான் பாத்தேன். அவுகளுக்கும்தான் இத்தனை வருஷம் யாரு இருந்தா?" என்றாள்.

அந்த மாசமே ரவூப் விருதுநகரில் ஒரு பருப்புக் கோடவுனில் வேலைக்குச் சேர்ந்தார். சரக்கு வருவதையும் போவதையும் பார்க்கிற வேலை. தங்க அறையும் கொடுத்தார்கள்.

"இந்தா இருக்கு விருதுநகரு," என்றாள் ஷஹீனா. "தெனமும் பஸ்ஸுல போயிட்டு வந்துரலாமே?"

"அலைச்சலும்மா."

"போக வேணாங்க. இங்கயே இருங்க."

அவர் கைலிகளைச் சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீ எனக்காகச் சொல்ற," என்றார். "அது எனக்குத் தெரியும். போதும் எனக்கு."

வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். திருச்சுழியிலேயே ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு, சற்றுக் கண் அசந்து, சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார். ஆச்சரியம் என்னவென்றால் அந்த வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் பேச்சு ஓடியது. கோடவுன் எலிகளைப் பற்றிச் சொல்வார், அவள் சிரிப்பாள். வியாழக்கிழமையே அவளுக்குக் கை பரபரக்கும். கறிக்கு மசாலா அரைக்கும்போது, இது கடமைக்கு அரைப்பதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவர் வருகிற நேரத்துக்கு வாசலை எட்டி எட்டிப் பார்ப்பாள். டப்பாக்களை மேல் தட்டில் பழையபடி வைத்துத் தந்ததும் அவர்தான்.

ஆடி மாசத்து வெள்ளி ஒன்றில், வெளியே காற்று கரிசல் புழுதியை அள்ளி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு ரவூப் முன்னறையில் பாயை விரித்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். ஷஹீனா ஜன்னலைச் சாத்த வந்தவள், சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பனியனுக்கு மேலே தெரிந்த கழுத்தடியில் பெட்டி அழுத்திக் காய்த்த மேடு ஒன்று இருந்தது. அது எந்த வருஷம் வந்தது, எத்தனை பெட்டிக்கு வந்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தங்கச்செல்வி கேட்டது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக இந்த முதுகை யாரும் தடவிக் கொடுத்ததில்லை. சுட்டபோதும் குளிர்ந்தபோதும் காய்ச்சலில் கிடந்தபோதும் இது தனியாகத்தான் கிடந்திருக்கிறது.

யாரும் சொல்லாமல், கடமை என்று நினைக்காமல், அவளாகவே வலது கையை நீட்டி அவர் முதுகில் வைத்தாள்.

முதுகு பலகையாக இறுகியது.

தூங்குகிற உடம்பு அப்படி இறுகாது. விழித்துக்கொண்டார். மூச்சு நின்றிருந்தது. திரும்பவில்லை, அசையவில்லை. கையை எடுக்கச் சொன்னால் அவள் மனம் நோகுமே என்று, அது தானாக எடுபடும் வரை பொறுத்துக்கொண்டு கிடக்கிற கிடையை ஷஹீனாவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ இரவு அவளே அப்படிக் கிடந்தவள்தானே.

சற்று நேரம் வைத்துப் பார்த்தாள். இளகிவிடும் என்று ஒரு நப்பாசை. கைக்கடியில் அந்தச் சதை கொஞ்சமும் இறங்கவில்லை. பழக்கமில்லாதது அவளுக்கு மட்டும் அல்ல. பிறகு மெல்லக் கையை எடுத்தாள். எடுத்ததும் அவர் மூச்சு விட்டார். அந்த மூச்சு அவள் காதில் விழுந்தது.

ரொம்ப நேரம் கழித்து, அப்போதுதான் எழுந்தவர்போல ரவூப் புரண்டு படுத்துக் கண்ணைத் தேய்த்தார். இமையெல்லாம் ஈரமாக இருந்தது.

"மணி என்னம்மா?"

"நாலரை."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சட்டையை மாட்டினார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். "அடுத்த வெள்ளிக்கு வரும்போது மீன் வாங்கியாரேன்" என்றார். "வாங்கியாங்க" என்றாள். புழுதிக்குத் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

ஷஹீனா உள்ளே வந்து பாயைச் சுருட்டக் குனிந்தாள். அவர் படுத்திருந்த இடத்தில் சூடு இன்னும் ஆறவில்லை. அதில் கையை ஊன்றி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகைக்கு எழ வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.